பிறந்த அன்று ஊரில் என்ன பாட்டு?

நம் பாலிடெக்னிக்கில் கொஞ்ச நாளாக ஒரு விளையாட்டு பரவியிருக்கிறது. செல்போனில் பிறந்த தேதியை அடித்தால் போதும், அன்றைக்கு 'நம்பர் ஒன்' பாட்டு எது என்று பதில் வந்துவிடும். நானும் அடித்துப் பார்த்தேன். என் தேதி 18.6.2007. வந்த பாட்டு, ரிஹானா என்ற பாடகி பாடிய 'அம்ப்ரெல்லா'. அதாவது குடை! ஜூன் மாதம் திண்டுக்கல்லில் ஒருவர் குடை பிடித்தால் அது வெயிலுக்காகத்தான் இருக்கும். நமக்கு மழை ஐப்பசியில் அல்லவா வரும்?

என் பக்கத்தில் உட்காரும் தோழிக்கும் குடைதான் வந்தது. பின்பெஞ்சில் இரண்டு பேருக்கும் அதே குடை. விசாரித்ததில், அந்தப் பாட்டு 2007 ஜூன், ஜூலையில் அமெரிக்கப் பட்டியலில் தொடர்ந்து 7 வாரமும், இங்கிலாந்தில் 10 வாரமும் முதலிடத்தில் இருந்திருக்கிறது. அந்த வாரங்களில் பிறந்த உலகத்துப் பிள்ளைகள் எல்லோருக்கும் ஒரே குடையைக் கொடுத்துவிட்டார்கள்!

வீட்டில் அம்மாவிடம் சொன்னேன். "அதெல்லாம் யாரு கண்டா? உன்னையத் தூக்கிக்கிட்டு ஆஸ்பத்திரியில இருந்து வந்த ஆட்டோவுல சிவாஜி படப் பாட்டுதான் ஓடுச்சு" என்றார். ரஜினி நடித்த 'சிவாஜி' வெளியானது 15.6.2007. நான் பிறந்தது அதற்கு மூன்றாம் நாள். அம்மா சொன்ன கணக்கு சரியாக இருக்கிறது. செல்போன் சொன்னதும் தப்பில்லை. அப்படியானால் எது நம்பர் ஒன்? அதை யார், எப்படி எண்ணுகிறார்கள்? இந்தக் கேள்விக்குப் பின்னால் போனதில் கிடைத்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

பாட்டுகளுக்கு முதல், இரண்டு என்று இடம் போடும் பழக்கம் வியாபாரத்தில் பிறந்தது. அமெரிக்காவில் 'பில்போர்டு' என்ற பத்திரிகை 1940 ஜூலையில், கடைகளில் அதிகம் விற்ற இசைத்தட்டுகளை வரிசைப்படுத்தி வெளியிட்டது. இங்கிலாந்தில் 'நியூ மியூசிக்கல் எக்ஸ்பிரஸ்' என்ற பத்திரிகை 1952 நவம்பர் 14 அன்று தன் முதல் பட்டியலைப் போட்டது. அதைத் தயாரித்த விதம் கேட்டால் சிரிப்பு வரும். அந்தப் பத்திரிகைக்காரர் சுமார் 20 கடைகளுக்குப் போன் போட்டு, "இந்த வாரம் எது நல்லா போச்சு?" என்று கேட்டு எழுதிக்கொண்டார். அவ்வளவுதான்! ஒரு நாடு முழுவதற்கும் அதுவே நம்பர் ஒன்.

இன்று செல்போன் விளையாட்டில் வருவது பெரும்பாலும் பில்போர்டின் 'ஹாட் 100' பட்டியல். அது 1958 ஆகஸ்ட் 4 முதல் வருகிறது. விற்பனையையும் ரேடியோவில் ஒலித்த எண்ணிக்கையையும் சேர்த்துக் கூட்டி இடம் போடுவார்கள். ஆனால் ரொம்ப காலம் அதுவும் கடைக்காரர்கள் வாய்வார்த்தையாகச் சொன்ன கணக்குதான். 1991-இல்தான் பில் போடும்போது பட்டைக்கோட்டைப் படிக்கும் கருவியிலிருந்து நேராகக் கணக்கு எடுக்க ஆரம்பித்தார்கள். உடனே என்ன ஆனது தெரியுமா? அதுவரை கீழே கிடந்த நாட்டுப்புறப் பாணி ஆல்பங்களும் ராப் ஆல்பங்களும் சட்டென்று மேலே வந்துவிட்டன. கேட்கிறவர்கள் ஒரே வாரத்தில் மாறிவிட்டார்களா என்ன? மாறியது அளக்கிற கருவி! நம் லேபில் மீட்டரை மாற்றினால் ரீடிங் மாறுகிற மாதிரிதான் இதுவும். இன்னொன்றையும் கவனியுங்கள். அந்தப் பட்டியல் வாரத்திற்கு ஒன்று. அதனால் 'பிறந்த நாள் பாட்டு' என்பது உண்மையில் பிறந்த வாரத்துப் பாட்டு. அந்த அளவுகோலின் மீச்சிற்றளவு 7 நாள்.

இனி நம் பக்கம் வருவோம்.

இந்தியாவில் பாட்டுக்கு இடம் போட்டுப் புகழ்பெற்ற நிகழ்ச்சி 'பினாக்கா கீத்மாலா'. இந்திப் பாட்டு நிகழ்ச்சி. ஆனால் அது ஒலித்தது இந்திய வானொலியில் இல்லை, இலங்கை வானொலியில்! 1952-இல் மத்திய அமைச்சர் பி.வி. கேஸ்கர் காலத்தில் அகில இந்திய வானொலி சினிமாப் பாட்டை ஒதுக்கியது. ஜனங்கள் அலைவரிசையைத் திருப்பி இலங்கைக்குப் போய்விட்டார்கள். அமீன் சயானி என்ற அறிவிப்பாளர் புதன்கிழமை இரவு 8 மணிக்கு வரிசைப்படி பாட்டுப் போட்டார். இசைத்தட்டு விற்பனையையும் ஊர் ஊராக இருந்த நேயர் மன்றங்களின் விருப்பத்தையும் வைத்து இடம் போட்டார்கள். அந்தக் கூட்டத்தைத் திரும்ப இழுக்கத்தான் 1957 அக்டோபர் 3 அன்று விவித பாரதி தொடங்கப்பட்டது. அமீன் சயானி 2024 பிப்ரவரியில் காலமானார்.

தமிழுக்கும் இலங்கை வானொலிதான் அன்று பெரிய கதவு. எஸ்.பி. மயில்வாகனன், கே.எஸ். ராஜா, பி.எச். அப்துல் ஹமீது என்று அறிவிப்பாளர் பெயர்களை எங்கள் தெருப் பெரியவர்கள் இப்போதும் சொந்தக்காரர் பெயர் மாதிரி சொல்வார்கள். காலையில் 'பொங்கும் பூம்புனல்' ஆரம்பித்தால் வேலைக்குக் கிளம்ப நேரமாகிவிட்டது என்று அர்த்தம். ஆனால் கீத்மாலா மாதிரி, வருஷக்கணக்கில் விடாமல் எண்ணி, இன்றும் எடுத்துப் பார்க்கிற மாதிரி நாடு ஒத்துக்கொண்ட வாரப் பட்டியல் தமிழ்ப் பாட்டுக்கு அமையவில்லை. அதனால்தான் செல்போனில் நம் தேதியை அடித்தால் நம் பாட்டு வருவதில்லை.

'எண்ணாமல் விட்டுவிட்டார்களே' என்று முதலில் எனக்கு வருத்தமாக இருந்தது. யோசித்துப் பார்த்தால், எண்ணியிருந்தாலும் சரியாக வந்திருக்காது என்று தோன்றுகிறது. காரணம் சொல்கிறேன்.

அமெரிக்கப் பட்டியல் எதை எண்ணியது? தட்டு வாங்கியவர்களை. அங்கே ஒரு வீட்டில் ஒரு தட்டு, கேட்பவர் நாலு பேர். நம் ஊரில்? ரேடியோ செட்காரர் ஒரே ஒரு தட்டு வாங்குவார். கல்யாணம், காதுகுத்து, சடங்கு, சாமி கும்பிடு என்று வருஷம் முழுவதும் அது சுற்றும். வேப்பமரத்து உச்சியில் கட்டிய குழாய் ஸ்பீக்கரில் பக்கத்து ஊருக்கும் கேட்கும். குழாய் ஸ்பீக்கரின் வேலை நமக்குத் தெரிந்ததுதான். சின்ன டயாஃப்ரம் எழுப்பும் அழுத்தத்தை, வாய் விரிந்துகொண்டே போகும் குழாய் காற்றோடு நன்றாகப் பொருத்திக் கொடுக்கிறது. டிரான்ஸ்ஃபார்மர் வைத்து இம்பிடன்ஸ் பொருத்துகிற மாதிரி. அதனால் குறைந்த வாட்ஸிலேயே ஊரைக் கூட்டும். விற்பனைக் கணக்கில் அது 'ஒன்று'. கேட்டவர்கள் ஆயிரம் பேர். காசு கொடுத்தவர் செட்காரர் ஒருவர்தான். (இரவு 10 மணியிலிருந்து காலை 6 மணி வரை ஒலிபெருக்கி கூடாது என்பது 2000-ஆம் ஆண்டு வந்த ஒலி மாசு விதி. பரீட்சைக்குப் படிக்கிறவள் என்ற முறையில் அந்த விதிக்கு என் ஆதரவு உண்டு.)

பிறகு கேசட் வந்தது. அப்போதும் கணக்கு உதைத்தது. 'ரெக்கார்டிங் சென்டர்' என்று கடைகள் இருந்தன. காலி கேசட்டும் ஒரு சீட்டில் பிடித்த பாட்டுகளின் பட்டியலும் கொடுத்தால் பதிந்து தருவார்கள். எங்கள் மாமா அப்படிப் பதிந்த கேசட்டுகள் பரண்மேல் ஒரு பெட்டி நிறைய இருக்கின்றன. அவற்றில் ஒன்றுகூடக் கம்பெனியின் விற்பனைக் கணக்கில் ஏறியிருக்காது. நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது அதுவே மெமரி கார்டில் பாட்டு ஏற்றுகிற கடையாக மாறியது. ஒரு கார்டில் நூற்றுக்கணக்கில் பாட்டு! யார் எண்ணுவது?

நம் மாவட்டத்திற்கு இன்னொரு தனிச்சிறப்பு கோடை பண்பலை, 100.5 மெகாஹெர்ட்ஸ். தொடர்பியல் படிக்கிற நான் இதைச் சொல்லாமல் போனால் எங்கள் சார் கோபித்துக்கொள்வார். பண்பலை அலை ஏறக்குறைய நேர்கோட்டில் போகும், பூமியின் வளைவைத் தாண்டி ரொம்ப தூரம் வராது. ஆகவே கோபுரம் எவ்வளவு உயரமோ அவ்வளவுக்குத் தூரம். கொடைக்கானல் சுமார் 2,100 மீட்டர் உயரம், திண்டுக்கல் சமவெளி சுமார் 280 மீட்டர். வித்தியாசம் ஏறக்குறைய 1,800 மீட்டர். அதன் வர்க்கமூலம் 42.4. அதை 4.12-ஆல் பெருக்கினால் 175 கிலோமீட்டர் வருகிறது. இயற்கையே கட்டிக் கொடுத்த கோபுரம்! குறுக்கே சிறுமலை மாதிரி ஒரு மலை நின்று மறைக்காத வரைக்கும், வயலிலும் மில்லிலும் டீக்கடையிலும் ஒரே நேரத்தில் ஒரே பாட்டு. நேயர் விருப்பத்திற்குப் போன கார்டுகளை யாராவது அடுக்கி எண்ணியிருந்தால் நம் மாவட்டத்துக்கென்றே ஒரு நம்பர் ஒன் கிடைத்திருக்கும்.

இன்றைய பிள்ளைகளுக்கு இந்தக் கஷ்டம் இல்லை. யூடியூப் ஒவ்வொரு பார்வையையும் எண்ணுகிறது. 'மாரி 2' படத்தின் 'ரவுடி பேபி' பாட்டு 2020 நவம்பரில் 100 கோடிப் பார்வையைத் தாண்டியது. இனி பிறக்கும் பிள்ளைக்குத் தன் தேதியின் பாட்டு சுலபமாகக் கிடைத்துவிடும். நம் அப்பா அம்மாவுக்கு?

இங்கேதான் எனக்கு விஷயம் வேறு பக்கம் திரும்பியது. அப்பாவின் பாட்டு எது என்று பார்க்க ஆசைப்பட்டேன். பாட்டைத் தேட முதலில் தேதி வேண்டுமே! அப்பா ஒரு நூற்பாலையில் வேலை பார்க்கிறார். ஐந்தாவது வரை படித்தவர். பள்ளிச் சான்றிதழில் 1.6.1976. வாக்காளர் அட்டையில் வேறு வயது, ரேஷன் கார்டில் இன்னொரு வயது. இதனாலேயே ஓர் அலுவலகத்தில் அவருடைய விண்ணப்பம் மூன்று முறை திரும்பி வந்தது. மூன்று முறையும் ஒரு நாள் சம்பளம் போனது. அந்த ஜூன் 1 எப்படி வந்தது என்பது உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். பள்ளியில் சேர்க்கும்போது, தலைக்கு மேலே கையைச் சுற்றி எதிர்ப்பக்கத்துக் காதைத் தொடச் சொல்வார்கள். தொட்டுவிட்டால் ஐந்து வயது. தேதி தெரியாத பிள்ளைக்குப் பள்ளி திறக்கிற மாதமே பிறந்த மாதம். நம் ஊர்ப் பெரியவர்களில் எத்தனை பேர் மே, ஜூனில் 'பிறந்திருக்கிறார்கள்' என்று எண்ணிப் பாருங்கள்!

பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் 1969-இல் வந்தது. 21 நாளுக்குள் சொல்ல வேண்டும் என்பது விதி. ஆனால் காட்டு வேலைக்குப் போகிற வீட்டில், மருத்துவச்சி வந்து வீட்டிலேயே பிரசவம் பார்த்த காலத்தில், யார் போய் எழுதுவது?

அப்பத்தாவிடம் தேதி கேட்டால், "அதெல்லாம் ஆருக்குத் தெரியும்?" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். பாட்டைக் கேட்டேன். உடனே முகம் மாறியது.

"ஏத்தா, உங்கப்பன் பொறந்தப்ப நம்மூரு மாரியாத்தா கும்பிடு. பங்குனி மாசம். மரத்துல குழாயக் கட்டி அன்னக்கிளி பாட்டத்தான் திரும்பத் திரும்பப் போட்டான் அந்த ரேடியோ செட்டுக்காரன். எந்த ஊருக்குப் போனாலும் அந்தப் பாட்டுத்தான். நான் உள்ள வலியில கெடக்கேன், வெளிய ஜானகி பாடுது!"

இது போதும் எனக்கு. 'அன்னக்கிளி' வெளியானது 14.5.1976. இளையராஜாவுக்கு அதுதான் முதல் படம். அவர் பிறந்த பண்ணைப்புரமும் நம் திண்டுக்கல்லும் அன்று ஒரே மதுரை மாவட்டம். (திண்டுக்கல் தனி மாவட்டமானது 15.9.1985-இல்.) பங்குனி என்பது மார்ச் நடுவிலிருந்து ஏப்ரல் நடு வரை. 1976 பங்குனி முடிந்து ஒரு மாதம் கழித்துத்தான் படமே வருகிறது. படத்துக்குக் கொஞ்சம் முன்பே தட்டு வருவதுண்டு என்று வைத்துக்கொண்டாலும், அப்போது யாருக்கும் தெரியாத ஒரு புது இசையமைப்பாளரின் பாட்டு 'எந்த ஊருக்குப் போனாலும்' ஒலித்திருக்காது. ஆக, 1977 பங்குனிக்கு முன்னால் அப்பா பிறந்திருக்க முடியாது. சான்றிதழில் உள்ள தேதி அடிபட்டுப் போனது.

ஆனால் இது கீழ் எல்லை மட்டும்தான். பாட்டு வந்த தேதிக்கு முன்னால் அது ஒலிக்காது, சரி. பின்னால் எத்தனை வருஷம் வேண்டுமானாலும் ஒலிக்கலாமே! அன்னக்கிளிப் பாட்டை இன்றைக்கும் போடுகிறார்கள். 1978 பங்குனியாகவோ 1979 பங்குனியாகவோ ஏன் இருக்கக்கூடாது? மேல் எல்லைக்கு வேறு சாட்சி தேடினேன். அதையும் அப்பத்தாவே கொடுத்தார்.

"அண உடைஞ்சு தண்ணி வந்துச்சே, அப்ப அவன் நடக்கல. தவந்துக்கிட்டு இருந்தான். இடுப்புல தூக்கி வச்சிக்கிட்டு மேட்டுக்கு ஓடுனோம்."

எங்கள் பூர்வீகம் வேடசந்தூர் பக்கம். அங்கே அழகாபுரியில் உள்ள குடகனாறு அணை, 1977 நவம்பர் புயல் மழையில் வெள்ளம் கரைமேல் வழிந்து உடைந்தது. மண் அணை என்பதால் தண்ணீர் மேலே ஏறியதும் பின்சரிவு அரித்துக்கொண்டு போய்விட்டது. சிவில் பிரிவு நண்பர்கள் இதைப் பாடமாகவே படித்திருக்கலாம். எங்கள் அப்பத்தாவுக்கு அது பாடமில்லை, ஓடிய ஓட்டம். அந்த நவம்பரில் அப்பா தவழ்ந்துகொண்டிருந்தார். 1977 மார்ச் கடைசி என்றால் அப்போது வயது ஏழு, எட்டு மாதம். தவழ்கிற வயதுதான்! 1976 ஜூன் என்றால் பதினேழு மாதம், ஓடித் திரிந்திருக்க வேண்டும். இரண்டு பக்கமும் பொருந்திவிட்டது. கும்பிடு பங்குனியில் எந்தச் செவ்வாய் என்று எங்கள் ஊர்ப் பெரியவர்கள் இன்னும் வாதாடிக்கொண்டிருக்கிறார்கள். அது முடிவானால் தேதியே கிடைத்துவிடும்.

அப்பாவிடம் சொன்னபோது, "அப்ப எனக்கு ஒரு வயசு கொறஞ்சு போச்சா?" என்று கேட்டுவிட்டு நைட் ஷிப்டுக்குச் சைக்கிளை எடுத்தார். வாசல்வரை போய்த் திரும்பிப் பார்த்து, "எந்தப் பாட்டுன்னு சொன்ன?" என்று இன்னொரு தடவை கேட்டார்.

இந்தத் தேதியை எந்த அலுவலகமும் ஒத்துக்கொள்ளாது என்பது எனக்குத் தெரியும். அங்கே பள்ளிச் சான்றிதழ்தான் பேசும். எல்லா அட்டையையும் 1.6.1976-க்கே மாற்றி எழுதிக் கொடுத்திருக்கிறோம், அதுதான் நடைமுறை. 1.10.2023-க்குப் பிறகு பிறந்தவர்களுக்குப் பிறப்புச் சான்றிதழே எல்லாவற்றுக்கும் ஆதாரம் என்று சட்டம் திருத்தப்பட்டிருக்கிறது. அந்தப் பிள்ளைகளுக்கு இந்த அலைச்சல் இருக்காது. ஆனால் பங்குனியில் எங்கள் வீட்டில் அப்பாவுக்குப் பாயசம் வைக்கலாம் என்று முடிவு செய்திருக்கிறோம். ஜூன் 1-இல் இதுவரை யாரும் எதுவும் வைத்ததில்லை.

உங்கள் வீட்டிலும் இதைச் செய்து பார்க்கலாம். தேதியைக் கேட்காதீர்கள், பயந்துவிடுவார்கள். பாட்டைக் கேளுங்கள். படத்தின் பெயர் தெரிந்தால் வெளியான நாளைக் கண்டுபிடித்துவிடலாம். டூரிங் டாக்கீஸுக்குப் படம் மாதக்கணக்கில் தாமதித்து வந்திருக்கும், ஆகவே 'படம் பார்த்தேன்' என்பதைவிடக் 'குழாயில் கேட்டேன்' என்பதை அதிகம் நம்புங்கள். பாட்டை வைத்துக் கீழ் எல்லை மட்டும் போடுங்கள். மேல் எல்லைக்கு வெள்ளமோ, பஞ்சமோ, தேர்தலோ, பக்கத்து வீட்டுக் கல்யாணமோ ஒன்றைப் பிடியுங்கள். சின்னாளப்பட்டி, நிலக்கோட்டை, ஒட்டன்சத்திரம், நத்தம் பக்கத்து நண்பர்கள் தங்கள் வீட்டுக் கணக்கைப் பாட்டு, ஊர், கும்பிடு மாதம் என்று ஒரு தாளில் எழுதி மாணவர் மன்ற அறையில் கொடுத்தால் நானே வரிசைப்படுத்தி அறிவிப்புப் பலகையில் ஒட்டுகிறேன். இதுவரை வந்தவை ஆறு. அதில் இரண்டு அன்னக்கிளி.